பொதுத் திரையில் கூட்டுக் கல்வி

பள்ளி ஒன்றில் பத்துக் கணிப்பொறிகள் உள்ளன. ஐம்பது மாணவர்கள் பயில்கின்றனர். ஆகவே கணிப்பொறி ஒன்றுக்கு ஐவர். கல்வித் துறையின் அறிக்கைகளில் இவ்வாறான கணக்கைக் காண்பது வழக்கம். கணக்கில் பிழை ஏதும் இல்லை. ஆயினும் அந்த ஐவரில் எவருடைய கை பொறியின் மீது இருக்கிறது, எவருடைய கண் மட்டும் திரையில் இருக்கிறது, எவர் இரண்டும் இன்றிச் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு மணி அடிக்கக் காத்திருக்கிறார் என்பதை அக்கணக்கு சொல்வதில்லை. கூட்டுக் கற்றல் நிகழ்கிறதா என்பதை அறிய வேண்டுமாயின், கணக்கு நின்ற இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

பல மாணவர்கள் ஒரே படத்தையோ, ஏட்டையோ, ஆய்வுக்கூடத்தையோ கணிப்பொறியின் வழியே கண்டு, அதில் தாமும் மாற்றம் செய்து, பிறர் செய்யும் மாற்றத்தையும் உடனுக்குடன் அறிந்து கற்கும் ஏற்பாட்டைப் பொது மெய்நிகர்ச் சூழல் எனலாம். மெய்நிகர் என்னும் சொல் சிலருக்கு மலைப்பைத் தரக்கூடும். தலையில் கவசம் அணிந்து காணும் முப்பரிமாண உலகமும் மெய்நிகர்தான். பழைய கணிப்பொறியின் சிறு திரையில் ஐந்து பிள்ளைகள் சேர்ந்து விடை தேடும் சொல்விளையாட்டும் மெய்நிகர்தான். இரண்டுக்கும் இடையே விலையில் பெரும் வேறுபாடு உண்டு. கற்றலில் அதே அளவு வேறுபாடு உண்டு என்று சொல்வதற்கில்லை. அந்தச் சூழலில் யார், எப்போது, யாருடைய இசைவோடு மாற்றம் செய்யலாம் என்னும் விதியே பயனைத் தீர்மானிக்கிறது என்பதை அடுத்து வரும் சான்றுகள் காட்டும்.

கேட்டவர் பலர், பேசியவர் சிலர்

பொதுத் திரையின் முன் மாணவரைக் கூட்டுவது நம் நாட்டுக்குப் புதிதன்று. 1975 ஆகஸ்டு 1ஆம் நாள் தொடங்கி 1976 ஜூலை 31 வரை நடைபெற்ற செயற்கைக்கோள்வழிக் கல்வித் தொலைக்காட்சிச் சோதனை, ஆந்திரப் பிரதேசம், பீகார், கர்நாடகம், மத்தியப் பிரதேசம், ஒரிசா, இராசஸ்தான் ஆகிய ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 சிற்றூர்களை எட்டியது. அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோள் ஓராண்டுக் காலத்திற்கு நமக்குப் பயன்பட்டது. ஊருக்கு ஒரு பெட்டி. காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கான நிகழ்ச்சி, மாலையில் ஊராருக்கான நிகழ்ச்சி. மின்சாரமும் சாலையும் முழுமையாக எட்டாத ஊர்களில் அது பெரும் சாதனை. ஆனால் திரையில் தோன்றியவரிடம் ஐயம் கேட்க அமர்ந்திருந்த பிள்ளைக்கு வழியில்லை. சூழல் பொதுவாக இருந்தது. உரையாடல் ஒருவழியாக இருந்தது.

1984-85இல் பள்ளிகளில் கணிப்பொறி அறிவும் பயிற்சியும் அளிக்கும் 'கிளாஸ்' திட்டம் 248 பள்ளிகளில் தொடங்கப்பெற்றது. கல்வி அமைச்சகம், மின்னணுவியல் துறை, தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழு ஆகியவை சேர்ந்து நடத்திய அத்திட்டத்தில் பிரிட்டனிலிருந்து வந்த பி.பி.சி. மைக்ரோ பொறிகள் பயன்பட்டன. பொறியைப் பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்வதே அன்றைய நோக்கம். பலர் சேர்ந்து ஒரே பொறியில் கற்பதற்கென்று தனி முறை வகுக்கும் சிந்தனை அக்காலத்தில் உலக நாடுகளிலேயே அரும்பு நிலையில் இருந்தது.

2004 செப்டம்பர் 20ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட எடுசாட், கல்விக்கென்றே நம் நாடு அமைத்த முதல் செயற்கைக்கோள். 2010 வரை அது பணியாற்றியது. அதன் தரை நிலையங்கள் இரு வகையின. ஒரு வகை நிலையத்தில் உள்ள மாணவர், பாடம் நடத்தும் ஆசிரியரோடு திரும்பிப் பேசலாம். மற்றொரு வகை நிலையத்தில் கேட்கவும் பார்க்கவும் மட்டுமே இயலும். திரும்பிப் பேசும் கருவி விலை மிக்கது, கேட்கும் கருவி மலிவானது. ஆகவே எண்ணிக்கையைப் பெருக்க வேண்டிய இடத்தில் எதைத் தேர்ந்தெடுக்கத் தோன்றும் என்பதை விளக்க வேண்டியதில்லை. 2020 மார்ச்சில் பெருந்தொற்றினால் பள்ளிகள் மூடப்பட்டு வகுப்புகள் கைப்பேசித் திரைக்கு மாறியபோது இதே நிலை வேறு வடிவில் திரும்பியது. இம்முறை கருவி இருவழி உரையாடலுக்கு இடம் தந்தது. இருப்பினும் இரைச்சலுக்கு அஞ்சி மாணவரின் ஒலிவாங்கியை அடைத்து வைப்பதே பல வகுப்புகளில் வழக்கமாயிற்று. கருவி தந்ததை விதி பறித்துக்கொண்டது.

ஒரு சுட்டியும் ஐந்து பிள்ளைகளும்

இவ்வகையில் நம் நாட்டில் நடைபெற்ற ஆய்வு ஒன்றை விரிவாக நோக்குவது பயன் தரும். 2005ஆம் ஆண்டையொட்டி, பெங்களூரில் இயங்கிய மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சிக்கூடத்தைச் சேர்ந்த உதய் சிங் பவார், ஜயோஜீத் பால், கென்டாரோ டொயாமா ஆகியோர் ஊர்ப்புற அரசுப் பள்ளிகளில் கணிப்பொறி எவ்வாறு பயன்படுகிறது என்று நேரில் கண்டனர். பொறியைச் சுற்றிப் பிள்ளைகள் கூட்டமாக அமர்ந்திருந்தனர். மவுஸ் என்று வழங்கும் சுட்டியோ ஒன்றே. அதைப் பற்றிய பிள்ளை அதை எளிதில் விடுவதில்லை. ஏனையோர் பார்வையாளராக இருந்தனர். வகுப்பறைக்கு வெளியே யாருக்கு முன்னுரிமை உண்டோ அவருக்கே பொறியின் முன்னும் முன்னுரிமை கிட்டுவது இயல்பு. நம் கூட்டுக்குடும்பங்களில் தொலைக்காட்சியின் தொலையியக்கி யார் கையில் இருந்தது என்பதை எண்ணிப் பார்த்தாலே இது விளங்கும்.

ஆய்வாளர் கண்ட தீர்வு எளியது. ஒரே கணிப்பொறியில் ஐந்து சுட்டிகளை இணைத்தனர். சாதாரணமாக இவ்வாறு இணைத்தால் பயன் இராது. ஏனெனில் பொறியின் இயக்க மென்பொருள் எல்லாச் சுட்டிகளின் அசைவையும் ஒன்றாகக் கலந்து ஒரே அம்புக்குறியை நகர்த்தும். ஐவர் ஐந்து பக்கம் இழுத்தால் அம்பு எங்கும் நிற்காது. ஆகவே சுட்டிக்கு ஓர் அம்பாகப் பிரித்துக் காட்டும் மென்பொருளை அவர்கள் உருவாக்கினர். திரை ஒன்று, பொறி ஒன்று, ஆனால் ஐந்து பிள்ளைகளுக்கும் தனித்தனியே அடையாளம் காணக்கூடிய ஐந்து அம்புகள். ஒரு சுட்டியின் விலை கணிப்பொறியின் விலையில் மிகச் சிறிய பகுதி என்பதால், ஏழைப் பள்ளிக்கும் எட்டக்கூடிய வழி இது.

இத்துடன் நின்றிருந்தால் இதுவும் மற்றொரு கருவியின் கதையாக முடிந்திருக்கும். அவர்கள் மேலும் ஒரு கேள்வியை எழுப்பினர்: ஐந்து கைகளுக்கும் இடம் கொடுத்தபின், விடையை ஏற்பது எவ்வாறு? இதற்கு இரு விதிகளை அமைத்துப் பார்த்தனர். முதலாவது போட்டி விதி. திரையில் வினா தோன்றியவுடன் ஐவரில் எவர் முதலில் சரியான விடையைத் தொடுகிறாரோ, அத்துடன் அடுத்த வினா வந்துவிடும். இரண்டாவது இசைவு விதி. ஐவரும் ஒரே விடையைத் தொட்டால்தான் அடுத்த வினாவுக்குச் செல்லலாம். ஒருவர் மாறுபட்டாலும் எல்லோரும் காத்திருக்க வேண்டும். வினாவும் ஒன்றே, படமும் ஒன்றே. மென்பொருளில் மாறியது சில வரிகளே.

ஊர்ப்புறத்தைச் சேர்ந்த, வசதி குறைந்த குடும்பங்களின் பிள்ளைகள் 238 பேரைக் கொண்டு சோதனை நடைபெற்றது. ஆங்கிலச் சொற்களை நினைவில் இருத்துவது பாடமாக அமைந்தது. ஒரு பிள்ளைக்கு ஒரு பொறி, பல பிள்ளைகளுக்கு ஒரு சுட்டி, ஐவருக்கு ஐந்து சுட்டி எனப் பல அமைப்புகள் ஒப்பிடப்பட்டன. முடிவு 2007இல் வெளியாயிற்று. மொத்தத்தில் நோக்கின், ஐந்து சுட்டிகளோடு ஒரே பொறியைப் பகிர்ந்த பிள்ளைகள், தனிப்பொறியில் தனியே கற்ற பிள்ளைகளுக்கு இணையாகச் சொற்களைக் கற்றிருந்தனர். அதாவது ஒரு பொறி ஐந்து பொறிகளின் வேலையை ஏறக்குறைய செய்துவிட்டது. நிதி நெருக்கடியில் உழலும் துறைக்கு இது இனிய செய்தி.

ஆனால் திட்டமிடுவோர் கவனிக்க வேண்டிய செய்தி அதற்குள்ளே இருக்கிறது. போட்டி விதிக்கும் இசைவு விதிக்கும் இடையே கற்றலிலும் நடத்தையிலும் பெரும் வேறுபாடு வெளிப்பட்டது. சிறுமியர் எந்த அமைப்பிலும் ஏறத்தாழ ஒரே அளவு கற்றனர். சிறுவர் கற்ற அளவோ விதிக்கு விதி மாறியது. முந்தித் தொடுபவருக்கே வெற்றி என்றால் சொல்லைப் படிப்பதற்கு நேரம் ஏது? நான்கு விடைகளையும் வரிசையாகத் தட்டிப் பார்த்தாலே போதும், ஒன்று சரியாக இருக்கும். அடுத்தவரின் கையை முந்துவது ஒன்றே நோக்கமாகிவிடும்போது பாடம் வெறும் சாக்காகிவிடுகிறது. இசைவு விதியில் இந்தக் குறுக்குவழி அடைபடுகிறது. மாறுபட்டு நிற்கும் தோழனை அல்லது தோழியை இணங்கச் செய்யாமல் அடுத்த வினா இல்லை. இணங்கச் செய்வதற்குப் பேச வேண்டும், காரணம் காட்ட வேண்டும், சில வேளைகளில் தன் விடை தவறு என்று ஒப்ப வேண்டும்.

இசைவு விதியிலும் வலிய பிள்ளை பிறரைப் பார்த்து, 'இதைத் தொடு' என்று ஆணையிடக்கூடுமே என்று ஒருவர் கேட்கலாம். கேட்பது நியாயம். அப்படியும் நடக்கும். ஆயினும் ஒற்றைச் சுட்டியைக் கைப்பற்றி வாய் திறவாமல் விளையாடும் பிள்ளைக்கும், நால்வரிடம் சொல்லியாக வேண்டிய பிள்ளைக்கும் வேறுபாடு உண்டு. பின்னவரது பேச்சை மற்றவர் கேட்கின்றனர். கேட்டவர் மறுக்கவும் உரிமை பெறுகின்றனர். இணங்காத ஒருவரின் அம்பு திரையில் தனித்து நிற்பதை எல்லோரும் காண்கின்றனர். எல்லோருக்கும் பின்னால் உட்கார்ந்திருக்கும் சிறுமியின் ஐயம் வகுப்பின் கண்முன் வருவதற்கு இதைவிட எளிய ஏற்பாடு கிடைப்பது அரிது.

இச்சோதனையின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். சொற்களை நினைவில் இருத்துவது கல்வியின் சிறு கூறு. ஓராண்டுப் படிப்பின் பயனைச் சில மணிப்பொழுதுச் சோதனையிலிருந்து உய்த்துணர்வது அறிவியலாகாது. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் இம்முறையைப் பின்னர் பிறரும் பயன்படுத்தும் வகையில் மென்பொருளாக வெளியிட்டது. ஆனால் ஆய்வாளருள் ஒருவரான டொயாமா, 2015இல் வெளியான தம் நூலில், கருவி தானே பள்ளியைச் சீர்ப்படுத்துவதில்லை என்றும், நன்கு நடக்கும் பள்ளியின் நன்மையையும் நலிந்த பள்ளியின் நலிவையும் அது பெருக்கிக் காட்டுகிறது என்றும் எழுதினார். கருவியை உருவாக்கியவரே இவ்வாறு எழுதியிருப்பதால் இக்கருத்துக்குத் தனி மதிப்பு உண்டு.

தேவையைப் பங்கிடுதல்

இசைவைக் கட்டாயமாக்குவது ஒரு வழி. ஒவ்வொருவருக்கும் மற்றவர் தேவைப்படும்படி செய்தியைப் பிரித்துக் கொடுப்பது மற்றொரு வழி. இதற்கு அமெரிக்காவின் சிகாகோ நகரில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1990களின் இறுதியில் மேற்கொள்ளப்பட்ட உருண்டை உலகத் திட்டம் நல்ல எடுத்துக்காட்டு.

உலகம் உருண்டை என்பதைச் சிறு பிள்ளைகள் வாயால் ஒப்பிப்பார்கள், உள்ளத்தில் ஏற்பதில்லை. நடக்கும் தரை தட்டையாக இருக்கிறதே! ஸ்டெல்லா வோஸ்னியாடு, வில்லியம் புரூவர் ஆகிய இருவரும் 1992இல் வெளியிட்ட ஆய்வில், பிள்ளைகள் இந்த முரண்பாட்டைத் தீர்த்துக்கொள்ளத் தாமே புது உலகங்களைப் படைத்துக்கொள்வதைக் காட்டினர். சிலருக்கு உலகம் தட்டு; சிலருக்கு உள்ளீடற்ற உருண்டை, அதனுள்ளே தட்டைத் தரை; சிலருக்கு இரண்டு உலகங்கள், வானத்தில் உருண்டையாக ஒன்று, காலடியில் தட்டையாக ஒன்று. புவிக்கோளத்தைச் சுழற்றிக் காட்டினால் மட்டும் இக்கருத்துகள் அகல்வதில்லை.

ஆகவே சிகாகோ ஆய்வாளர்கள் மெய்நிகர்ச் சிறுகோள் ஒன்றை அமைத்தனர். இரு பிள்ளைகளில் ஒருவர் விண்வெளி வீரர். சுவரெங்கும் படம் சூழும் அறையில் நின்று அச்சிறுகோளின் தரையில் நடக்கிறார். மற்றவர் கட்டுப்பாட்டு அலுவலர். வேறொரு திரையில் அதே கோளை உருண்டையாகக் காண்கிறார், அதன்மீது நடமாடும் வீரரையும் காண்கிறார். தேட வேண்டிய பொருள் எங்கே இருக்கிறது என்று அறிந்தவர் அலுவலர். அதை எடுக்க வல்லவர் வீரர். பேசாமல் வேலை நடவாது. வீரர் நேராக நடந்துகொண்டே சென்றால் விளிம்பு ஏதும் வராது; புறப்பட்ட இடமே மீண்டும் வரும். பிறகு இருவரும் பொறுப்பை மாற்றிக்கொள்வர். தட்டைத் தரையும் உருண்டைக் கோளும் ஒரே பொருளின் இரு தோற்றங்கள் என்பதை ஒருவருக்கொருவர் சொல்லிச் சொல்லியே அறிந்துகொள்ள வேண்டும். இதன்பின் பெரியவர் ஒருவர் பிள்ளைகளோடு அமர்ந்து, சிறுகோளில் கண்டதை நம் புவியோடு பொருத்திப் பார்க்கத் துணை செய்தார். மெய்நிகர் அனுபவம் தானாகவே மெய்யுலகுக்கு மாறிவிடும் என்று அவர்கள் நம்பிவிடவில்லை.

அந்த அறையின் செலவை நம் பள்ளிகள் தாங்கா. ஆனால் செய்தியைப் பிரித்துக் கொடுக்கும் உத்திக்குச் செலவு இல்லை. இரு பழைய கணிப்பொறிகளை முதுகோடு முதுகாக வைத்து, ஒன்றில் ஆற்றின் வரைபடத்தையும் மற்றொன்றில் அதே ஆற்றங்கரையின் ஒளிப்படங்களையும் கொடுத்து, எந்தப் படம் எந்த இடத்தது என்று கண்டுபிடிக்கச் சொன்னாலும் அதே உரையாடல் பிறக்கும்.

சுவரில் ஒரு திரை

விதி எதையும் வகுக்காமல் விட்டால் என்ன ஆகும்? 1999இல் டெல்லி கால்காஜிப் பகுதியில், என்.ஐ.ஐ.டி. நிறுவனத்தைச் சேர்ந்த சுகதா மித்ரா, அலுவலகச் சுற்றுச்சுவரில் துளையிட்டுக் கணிப்பொறி ஒன்றை வைத்தார்; அருகில் வாழ்ந்த ஏழைப் பிள்ளைகள் ஆசிரியர் எவருமின்றித் தாமே அதை இயக்கக் கற்றனர். பிள்ளைகளின் ஆற்றலில் நம்பிக்கை ஊட்டிய இந்நிகழ்வு உலகெங்கும் பேசப்பட்டது. பின்னர் அந்நகரின் இத்தகைய கூடங்களைப் பார்வையிட்ட கல்வியாளர் மார்க் வார்ஷவர் மாறுபட்ட செய்தியை 2002இல் எழுதினார். இணையத் தொடர்பு பெரும்பாலும் இயங்கவில்லை; இந்தி மொழியில் பாடநிரல்கள் இல்லை; பிள்ளைகளின் நேரம் பெரும்பாலும் படம் வரைவதிலும் விளையாட்டிலும் கழிந்தது. இரு செய்திகளும் மெய்யாக இருக்க இடமுண்டு. பொறியை இயக்க யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. பொறியின் வழியே வேறொன்றைக் கற்பதற்கு யாரோ ஒருவர் சூழலை அமைத்துக் கொடுக்க வேண்டும்.

மலையாளத்தில் எழுதப்படும் பொது ஏடு

ஒரே அறையில் ஒரே நேரத்தில் கூடாமலும் கூட்டாகக் கற்கலாம் என்பதற்குக் கேரளம் சான்று. அம்மாநிலத்தில் 2001இல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம், 2017இல் கைட் என்னும் அரசு நிறுவனமாயிற்று. இதன் கீழ் 2009 முதல் ஸ்கூல்விக்கி என்னும் பொதுக் கலைக்களஞ்சியம் மலையாளத்தில் வளர்ந்து வருகிறது. 15,000க்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு அதில் பக்கம் உண்டு. பள்ளியின் வரலாறு, அது அமைந்த ஊரின் கதை, வட்டார வழக்குச் சொற்கள், பிள்ளைகளின் ஆக்கங்கள் ஆகியவற்றைப் பள்ளிகளே எழுதிச் சேர்க்கின்றன.

இங்கும் விதியே முதன்மை பெறுகிறது. விக்கி முறையில் ஒருவர் எழுதியதை மற்றொருவர் திருத்தலாம். ஆனால் எந்தத் திருத்தமும் முந்தைய வடிவை அழிப்பதில்லை. யார், எந்த நாளில், எதை மாற்றினார் என்பது வரலாறாக நிற்கிறது. தவறான திருத்தத்தை மீட்டுவிடலாம். சுட்டியின் முன் அமர்ந்த ஐவருக்கு இசைவு முன்னரே வேண்டும்; விக்கியில் எழுதுவோருக்குப் பின்னர் வந்தாலும் போதும். ஊரின் பெயர்க்காரணத்தைப் பற்றி இரு பாட்டிமார் இரு கதை சொன்னால், இரண்டையும் குறித்துவிட்டு எது ஏற்புடையது என்று பிள்ளைகள் வாதாட இடம் இருக்கிறது. பாடநூலில் அதற்கு இடம் இல்லை.

இது எல்லாப் பள்ளிகளிலும் ஒரே அளவில் நிகழ்கிறது என்று எண்ணிவிடக்கூடாது. ஆசிரியர் மட்டுமே எழுதி முடித்துவிடும் வாய்ப்பு எந்தப் பள்ளிக்கும் உண்டு. ஆய்வு நாள் நெருங்கும்போது பக்கத்தை நிரப்பும் வேகத்தில் பிள்ளைகளுக்குக் காத்திருக்கப் பொறுமை இராது. இருப்பினும் தாய்மொழியில், தம் ஊரைப் பற்றி, பிறரும் படிக்கும் ஏட்டில் எழுதுவது என்பது பிள்ளைகளுக்கு வேறு எந்தப் பயிற்சியும் தராத பொறுப்பைத் தருகிறது.

கொள்முதலுக்கு முன்

2024-25ஆம் ஆண்டுக்கான ஒருங்கிணைந்த மாவட்டக் கல்வித் தகவல் அறிக்கையின்படி, நாட்டின் 14.71 லட்சம் பள்ளிகளில் 64.7 விழுக்காடு பள்ளிகள் கணிப்பொறி வசதியையும், 63.5 விழுக்காடு பள்ளிகள் இணைய வசதியையும் பெற்றிருந்தன. முந்தைய ஆண்டில் இவை முறையே 57.2, 53.9 விழுக்காடாக இருந்தன. வளர்ச்சி வேகமானது. மூன்றில் ஒரு பங்குப் பள்ளிக்கு மேல் இன்னும் வசதி எட்டவில்லை என்பதும் இதே புள்ளிகளிலிருந்து பெறப்படுகிறது. 2022-23ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அறிவியலுக்கும் கணிதத்துக்கும் 750 மெய்நிகர் ஆய்வுக்கூடங்கள் அமைப்பதாக அறிவிக்கப்பட்டது. 2025-26ஆம் ஆண்டுத் திட்டத்தில் ஊர்ப்புற அரசு உயர்நிலைப் பள்ளிகள் அனைத்திற்கும் பாரத்நெட் வழியே அகல அலைவரிசை இணைப்பு அளிப்பது என அறிவிப்பு வெளியாயிற்று. 2017இல் தொடங்கிய திக்சா தளம் பாடநூலில் அச்சிட்ட குறியீட்டைக் கைப்பேசியில் காட்டினால் பாடக்காட்சியைத் தருகிறது.

இவை அனைத்தும் வேண்டுவனவே. ஆனால் இவற்றுள் பெரும்பகுதி, ஒரு பிள்ளை தனியே ஒரு திரையைப் பார்க்கும் என்னும் எண்ணத்தின் மீது எழுந்தது. மெய்நிகர் ஆய்வுக்கூடத்தில் ஊசலின் நீளத்தை மாற்றி அலைவு நேரத்தை அளக்கும் பயிற்சியை எடுத்துக்கொள்வோம். மென்பொருள் ஒரே பயனரை எதிர்பார்க்கிறது. வகுப்பறையிலோ திரைக்கு முன் ஐவர். இந்த இடைவெளியை நிரப்புபவர் ஆசிரியரே. ஒருவர் நீளத்தை மாற்ற, ஒருவர் நேரத்தைக் குறிக்க, ஒருவர் அடுத்த அளவு என்னவாகும் என்று முன்கூட்டிச் சொல்ல, ஒருவர் அதை மறுக்க, ஐந்தாமவர் வரைபடத்தாளில் புள்ளியிட, அடுத்த சுற்றில் பொறுப்பு மாறுமாறு அமைத்தால், அதே மென்பொருள் கூட்டுக் கல்விக்கு உதவும். ஆசிரியருக்கு அளிக்கப்படும் பயிற்சியில் பொறியை இயக்கும் முறைக்கு ஒதுக்கும் நேரத்தில் ஒரு பகுதியையாவது இதற்கு ஒதுக்குவது நலம்.

நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இசைவு விதி மெதுவானது. ஐவர் பேசி முடிவெடுக்கப் பிடிக்கும் நேரத்தில் ஒருவர் பல வினாக்களைக் கடந்துவிடுவார். நாற்பது நிமிடப் பாடவேளையில் பொறிகளை இயக்கி, மின்தடைக்கும் ஈடுகொடுத்து, பாடப்பகுதியையும் முடிக்க வேண்டிய ஆசிரியருக்குப் போட்டி விதிதான் வசதி. அவரைக் குறை கூறிப் பயனில்லை. முடித்த பாடங்களின் எண்ணிக்கையைக் கேட்கும் அதிகாரியே, மெதுவாகக் கற்பிக்க வேண்டிய இடத்தில் மெதுவாகக் கற்பிக்க அனுமதியையும் தர வேண்டியவர்.

மென்பொருளை வாங்கும்போது திறன், கொள்ளளவு, உத்தரவாதக் காலம் ஆகியவற்றை ஒப்பந்தப்புள்ளியில் விரிவாகக் கேட்கிறோம். ஒரே திரையில் எத்தனை பிள்ளைகள் உள்ளீடு செய்யலாம், ஒருவரின் செயலை மற்றவரின் செயலிலிருந்து பிரித்தறிய முடியுமா, முதலில் தொட்டவரின் விடையோடு முடிந்துவிடுமா, அல்லது பிறரது இசைவுக்குக் காத்திருக்குமா, அந்த விதியைப் பாடத்திற்கு ஏற்ப ஆசிரியரே மாற்ற முடியுமா என்னும் கேள்விகளையும் அதே தாளில் சேர்க்கலாம். இவற்றைச் சேர்ப்பதனால் விலை பெரிதும் உயரும் என்பதற்குக் காரணம் இல்லை. கர்நாடகச் சோதனையில் இரு விதிகளும் ஒரே பொறியில், ஒரே பாடத்தின் மீது இயங்கியவைதாம்.

பள்ளி ஆய்வுக்குச் செல்லும் அலுவலர் கணிப்பொறிகளை எண்ணி முடித்தபின் பத்து நிமிடம் பின்வரிசையில் அமரலாம். வெற்றுத்தாள் ஒன்றில் ஏதேனும் ஒரு குழுவின் ஐந்து பெயர்களை எழுதிக்கொண்டு, பொறியைத் தொட்டவருக்கு ஒரு கோடும், விடையைப் பற்றிப் பேசியவருக்கு ஒரு புள்ளியும் இட்டு வந்தால் போதும். கோடும் புள்ளியும் பெறாத பெயர் இருப்பின் அதை ஆசிரியரிடம் தனியே தெரிவித்துவிட்டு, ஒரு திங்கள் கழித்து அதே குழுவின் பின்னால் மீண்டும் அமர்ந்து பார்க்கலாம்.